பதினாலு பிடி அரிசி

“அக்கா, ஆண்டவர் என்னைக் கொண்டு என்ன செய்ய நினைக்கிறார்?”

வந்து உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் நாத்தான்வேல் கேட்டுவிட்டார்.

அறுபத்தொரு வயது. அணைக்கட்டு, கால்வாய் என்று முப்பது வருஷம் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி, மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் கிறிஸ்தவ ஆசிரமத்துக்கு வந்திருந்தார்.

அக்கா என்றால் தெபொராள் அக்கா. வயசு நாற்பத்து நாலுதான். ஆனாலும் ஆசிரமத் தலைவியை எண்பது வயசுக்காரரும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும், அது இங்கே வழக்கம். அக்கா பதிலுக்கு அவரை அண்ணாச்சி என்றார்.

நான் சமையல்கட்டுக்காரி. கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே கதவு கிடையாது. பேசுவது காதில் விழும். விழாவிட்டால் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொள்வேன்.

நாத்தான்வேல் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். லேமினேட் பண்ணிய அட்டை. ‘இந்த ஆண்டின் இலக்குகள்’ என்று தலைப்பு. கீழே ஏழு.

வேதாகமத்தை இரண்டு தடவை முழுசாக வாசிப்பது. அதிலுள்ள சங்கீதப் பாட்டுகளில் நீளமான ஒன்றை மனப்பாடம் செய்வது. ஐம்பத்திரண்டு ஊருக்குப் போய்ச் சுவிசேஷக் கைப்பிரதி கொடுப்பது. குடும்ப ஜெபம் ஒருநாளும் தவறாமல் நடத்துவது. எட்டுக் கிலோ எடை குறைப்பது. ஆறாவது எனக்கு மறந்துவிட்டது, அதுவும் நல்ல காரியம்தான்.

“ஆறும் திட்டப்படி போகுது. ஏழாவதுதான் பிடிபடல” என்றார்.

ஏழாவது: ‘என் வாழ்க்கையைக் குறித்த தேவசித்தத்தை அறிவது.’

அக்கா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளை.

“பிள்ளைங்க?”

“ஒரு பையன். சைலஸ். அவனுக்காகவும் ஜெபிங்க.”

அவன் வீட்டைவிட்டுப் போய் நாலு வருஷம் ஆயிற்றாம். படித்த படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வண்டி ரிப்பேர் பார்க்கப் போகிறேன் என்றானாம். இவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. காலையில் குடும்ப ஜெபத்தில் ஆண்டவரிடம்தான் முறையிட்டாராம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஜனங்களுக்கு இது கைவந்த கலை. நேரே சொன்னால் சண்டை வரும் என்று, எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது ஆண்டவரிடம் சொல்கிற மாதிரி சொல்லிவிடுவோம். ‘ஆண்டவரே, ஒன்பது மணிவரை தூங்குகிற இந்த மகனைத் தட்டி எழுப்பும்.’ மாமியாருக்கு மருமகள் சொல்வாள், மருமகளுக்கு மாமியார் சொல்வாள். ஆமென் சொல்லாமலும் இருக்க முடியாது.

நாத்தான்வேல் தினமும் பதினோரு நிமிஷம் ஜெபிப்பவர். அதில் ஏழு நிமிஷம் சைலஸுக்கு. ஒருநாள் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அவன் உட்கார்ந்திருந்த பாயில் அவன் இல்லை. பையும் இல்லை, செருப்பும் இல்லை.

“ஜெபத்துக்கு நடுவுல எந்திரிச்சுப் போயிருக்கான் பாருங்க” என்றார். அதைச் சொல்லும்போது இன்னும் கோபம் இருந்தது.

“எப்போ போனான்? ஆரம்பத்திலயா, முடிக்கப் போற நேரத்திலயா?”

“தெரியாதே.”

“தெரியாதா?”

“கண்ண மூடியில்லா இருந்தேன் அக்கா.”

பிறகு நாத்தான்வேல் தாழ்ந்த குரலில், அவன் ஒருதடவை வந்து வாசலில் நின்றால்கூடப் போதும் என்றார். அட்டையில் அது எத்தனையாவது என்று நான் எட்டிப் பார்த்தேன். ஏழிலும் அது இல்லை.

அக்கா உள்ளே வந்து என்னிடம் ஒரு தகர டப்பா கேட்டார். மூடி தொலைந்துபோன டப்பாதான் இருந்தது. அதை வாங்கிப்போய், அந்த லேமினேட் அட்டையையே மேலே வைத்து, ரப்பர் பேண்டு போட்டு அவர் கையில் கொடுத்தார்.

அது கைப்பிடி அரிசிக்கான டப்பா. உலை வைக்கும்போதெல்லாம் வீட்டில் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று எடுத்து வைப்பார்கள். எங்கள் ஆசிரமம் அதில்தான் சாப்பிடுகிறது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் தொடங்கியிருந்தன. நாற்பது நாளும் வேளைக்கு ஒரு பிடி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டு வரச் சொன்னார்.

“எடுக்கும்போது ஜெபம் பண்ணுங்க. பிடி நிறையுற நேரம்தான், அதுக்கு மேல வேண்டாம். கண்ணத் திறந்துக்கிட்டே பண்ணுங்க.”

“திறந்துக்கிட்டேயா?”

“மூடினா அரிசி சிந்தும்.”

நாத்தான்வேலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏழாவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். அக்கா பஸ்ஸுக்கு நேரமாச்சே என்றார்.

மறுநாள் காலையிலேயே மனிதர் திரும்பி வந்து நின்றார். தோளில் ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பை.

இரவே கணக்குப் போட்டுவிட்டாராம். ஒரு பிடி ஐம்பது கிராம், நாளைக்கு இரண்டு பிடி, நாற்பது நாளைக்கு நாலு கிலோ. ஒரு கிலோ கூடுதலாகவே இருக்கட்டும் என்று வாங்கி வந்துவிட்டாராம். ஜெபத்தையும் பஸ்ஸிலேயே மொத்தமாக முடித்துவிட்டார்.

“அடுத்து என்ன அக்கா?”

அக்கா பையை வாங்கி என்னிடம் கொடுத்து, வேண்டியதை உலையில் போடச் சொன்னார். அன்றைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்த பெண்களையும் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டோம். நாத்தான்வேலும் திருப்தியாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்தவரிடம் அக்கா, இன்றைய பிடி எங்கே என்று கேட்டார்.

“அதான் கொடுத்தேனே.”

“அது அரிசி, அண்ணாச்சி. நான் கேட்டது பிடி.”

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கால்வாய் வெட்டின மனுஷன், ஒரு பிடி அரிசியில் மாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை டப்பாவோடு வந்தார். ஏழு நாள், பதினாலு வேளை, ஒன்றுகூடத் தவறவில்லை என்றார். அக்கா அட்டையை எடுத்துவிட்டு அரிசியைப் புடைக்கிற சுளகில் கொட்டினார். அவரையே அள்ளி அள்ளி டப்பாவில் போடச் சொன்னார்.

ஒன்று, இரண்டு என்று நானும் மனசுக்குள் எண்ணினேன். ஒன்பதாவது பிடியோடு சுளகில் அரைப் பிடிதான் மிஞ்சியது.

“பதினாலு வரணும். ஒன்பதரைதான் வருது. ஒங்க வீட்ல யார் கை சின்னது?”

நாத்தான்வேல் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு வீடு திரும்பியதுமே மனைவி கெத்சியாளிடம் டப்பாவைக் கொடுத்து, வேளாவேளைக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். சரியாக நடக்கிறதா என்று இவர் மேற்பார்வை பார்த்திருக்கிறார்.

“அடுப்படிப் பக்கம் நான் போனதே இல்ல அக்கா” என்றார்.

“எவ்வளவு தூரம்?”

“எது?”

“நீங்க உட்காருற நாற்காலியிலிருந்து அடுப்படி.”

யோசித்துப் பார்த்து, பத்து அடி இருக்கும் என்றார். அளவு விஷயத்தில் அவர் பொய் சொல்ல மாட்டார்.

“ஐம்பத்திரண்டு ஊருக்குப் போறீங்க” என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார்.

அதற்கடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காக வந்தார். அள்ளிப் போட்டால் பதினாலு சரியாக வந்தது. முதல் வாரம், பிடி நிறைவதற்குள் ஜெபத்தை ஆரம்பிக்கவே முடியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். அடுத்த வாரம் அந்தக் குறை இல்லை. மூன்றாம் வாரம் வேறு ஒன்று சொன்னார்.

“கெத்சியாளுக்கு இடது கை விரல் ரெண்டு மடங்க மாட்டேங்குது அக்கா. எத்தன வருஷமாவோ தெரியல. நான் இப்பத்தான் பார்த்தேன்.”

அக்கா ஏழாவதைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை. நாத்தான்வேலும் கேட்க மறந்துபோனார்.

ஐந்தாம் ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆள் சலித்துப்போய் விட்டுவிட்டார் என்று நினைத்தேன், அக்காவிடம் சொல்லவும் செய்தேன். அக்கா தோட்டத்தில் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். டப்பா அவர்கிட்டத்தானே இருக்கு என்றார். அது ஒரு பதிலா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் வந்தார். சவரம் பண்ணவில்லை. டப்பாவை அக்கா முன்னால் வைத்தார். உள்ளே ஒரு மணி அரிசி இல்லை. மேலே அட்டையும் இல்லை.

நடந்ததைச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் வழக்கம்போல அடுப்படியில் நின்று பிடி எடுத்திருக்கிறார். கண் திறந்திருந்தது. அவர் கையை எடுத்ததும் கெத்சியாள் அரிசிப் பானைக்குள் கையைவிட்டு இன்னொரு பிடி எடுத்து, அலமாரிக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டிருக்கிறாள். இது எந்த ஊழியத்துக்கு என்று இவர் கேட்டிருக்கிறார்.

“சைலஸுக்கு” என்றாளாம்.

நாலு வருஷமாக மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போகிற அந்த அம்மாள், போனது சங்கரன்கோவிலுக்கு. அங்கே ஒரு மெக்கானிக் கடையின் மாடியில் ஒற்றை அறை எடுத்துச் சைலஸ் பொங்கித் தின்றுகொண்டிருக்கிறான்.

இவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்ததாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று சத்தம் போட்டாராம்.

“நீங்க என்கிட்ட கேக்கலியே. ஆண்டவர்கிட்டயில்லா கேட்டுக்கிட்டு இருந்தீங்க.”

இவர் குரலைத் தணித்துக்கொண்டாராம். அரிசி வாங்கக்கூடவா அவனிடம் வழியில்லை என்று கேட்டிருக்கிறார். அதெல்லாம் நன்றாகத்தான் சம்பாதிக்கிறான், நம்ம வீட்டு அரிசி வேண்டும் என்று அவன்தான் கேட்டான் என்றாளாம். என்னைப் பற்றி ஏதாவது கேட்பானா என்றிருக்கிறார். போகும்போதெல்லாம் கேட்பான், அப்பா இன்னும் பதினோரு நிமிஷம்தானா என்று.

இதைச் சொல்லும்போது நாத்தான்வேல் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பதினாலு பிடியும் சேரட்டும்னு சனிக்கிழம ராத்திரி வரைக்கும் பொறுத்தேன் அக்கா. ஞாயிற்றுக்கிழம இங்க வர பஸ்லதான் ஏறினேன். சங்கரன்கோவில் பஸ் எதிர்ல நின்னுச்சு. இறங்கி அதுல ஏறிட்டேன். இது ஒங்க அரிசி. கேட்காம எடுத்துட்டுப் போயிட்டேன்.”

“எங்க அரிசி எங்க போகணுமோ அங்கதான் போயிருக்கு. மூடி எங்க?”

“அவன் ரூம்ல ஈ ஜாஸ்தி. அத வச்சு ரசத்த மூடிட்டு வந்துட்டேன்.”

அக்கா முதல் தடவையாகச் சிரித்தார். என்னைக் கூப்பிட்டு அவருக்கு மோர் கொடுக்கச் சொன்னார். அவர் குடிக்கும்வரை காத்திருந்து, அவன் என்ன சொன்னான் என்று கேட்டார்.

ஒன்றும் சொல்லவில்லையாம். வாசலில் இவரைப் பார்த்ததும் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றிருக்கிறான். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்திருக்கிறான். இவர் டப்பாவை நீட்டியிருக்கிறார். வாங்கிக்கொண்டு உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறான். இவரும் பின்னால் போய், பானையில் அரிசியைப் பிடிபிடியாகப் போட்டிருக்கிறார். சோறு வெந்ததும் அவன் வடித்திருக்கிறான். பிறகு இரண்டு தட்டு வைத்துவிட்டு அவன் எதிரே உட்கார்ந்தானாம்.

“உட்கார்ந்துட்டு, ‘அப்பா, ஜெபம் பண்ணுங்க’ன்னான்.”

“பண்ணினீங்களா?”

“பண்ணினேன். ஒரு பிடி நேரம்தான்.”

“கண்ண மூடினீங்களா, அண்ணாச்சி?”

“எப்படி அக்கா மூடுவேன்? போன தடவை மூடினப்போதானே போனான்.”



நாத்தான்வேல் காலி டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அவனும் மூடல அக்கா. என்னையே பார்த்துக்கிட்டு இருந்தான்.”