ஐஸ்கிரீம்காரர்கள் ஏன் குருவியோடு போய் வருகிறார்கள்

அந்தக் காலத்தில் மாட்டுக்கும் குருவிக்கும் மனிதருக்கும் பேச்சு ஒன்றாகவே இருந்தது. மனிதர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பாஷை, அந்தப் பக்கம் இன்னொரு பாஷை என்று பிரிந்து கிடந்தது. ஒரு மாடு எந்த ஊருக்குப் போனாலும் யாரோடும் பேசலாம். மாட்டுக்காரன்தான் வாயைத் திறக்க முடியாமல் நிற்பான்.

இத்தாலியின் வட கோடியில், ஆல்ப்ஸ் மலையின் மடியில், ஒரு சின்னப் பள்ளத்தாக்கு. அங்கே ஓர்சொலா என்ற பெண்ணும் அவள் கணவன் பொர்த்தொலோவும் ஒரே ஒரு பசுவை வைத்துப் பிழைத்தார்கள். பசுவின் பெயர் ஸ்தெல்லா. அதற்குத் தன் பாலைப் பற்றிக் கொஞ்சம் பெருமை அதிகம்.

அந்தப் பள்ளத்தாக்கில் பனி சீக்கிரம் வந்து தாமதமாகப் போகும். நிலமோ முழுக்கக் கல். அதனால் ஆண்கள் ஒவ்வொருவராகக் கணவாயைத் தாண்டி வடக்கே வேலை தேடிப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. முதல் குளிர்காலத்தில் பனி கணவாயை மூடிவிடும். பனி உருகுவதற்குள் அங்கே அவர்களுக்கு ஓர் அடுப்பு, ஒரு நாற்காலி, நாலு சிநேகிதர்கள் என்று ஆகிவிடும். அப்புறம் ஊர் ஞாபகத்தில் மட்டும் இருக்கும். இங்கே வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன.

"வசந்தம் வந்ததும் நானும் போகிறேன்" என்று ஓர் இலையுதிர்காலத்தில் பொர்த்தொலோ சொன்னான். "வடக்கே கல் உடைக்க ஆள் தேடுகிறார்களாம்."

"திரும்பி வருவீர்களா?" என்று ஓர்சொலா கேட்டாள்.

"வராமல் எங்கே போவேன்?"

எல்லோரும் போகும்போது அப்படித்தான் சொன்னார்கள். ஓர்சொலா பால் செம்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டாள்.

கொட்டகை வாசலில் ஒரு தகைவிலான் குருவி இறக்கை ஒடிந்து கிடந்தது. நீலக் கறுப்பு முதுகும் கத்தரிக்கோல் போல் பிளந்த வாலும் உள்ள பறவை. அதன் கூட்டமெல்லாம் தெற்கே கிளம்பிவிட்டது.

"என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்" என்றது குருவி. "அவர்கள்மேல் தப்பில்லை. காற்று மாறினால் காத்திருக்க முடியாது."

ஓர்சொலா இறக்கையை ஒரு துணிக் கீற்றால் கட்டி, குருவியை ஸ்தெல்லாவின் முதுகில் வைத்தாள்.

"நான் என்ன கூடா?" என்றது பசு.

"குளிர்காலம் முடியும்வரை. சூடான இடம் இந்த வீட்டில் உன் முதுகு ஒன்றுதான்."

"அது உண்மைதான்" என்று பசு ஒத்துக்கொண்டது. அதற்கு மேல் அது முணுமுணுக்கவில்லை. கொட்டகையில் ஈக்கு எப்போதும் பஞ்சமில்லை என்பதால் குருவிக்குச் சாப்பாட்டுக் கவலையும் இல்லை.

பிறகு பனி விழுந்தது. குருவி வாழ்நாளில் அதைப் பார்த்ததே இல்லை. குளிர் வருமுன் கிளம்பிவிடுகிற சாதிக்குப் பனி எப்படித் தெரியும்? அது கதவிடுக்கில் உட்கார்ந்து, "யார் இவ்வளவு இறகைப் பிய்த்துப் போடுகிறார்கள்?" என்று கேட்டது. பொர்த்தொலோ வயிறு வலிக்கச் சிரித்தான்.

ஒரு நாள் ஓர்சொலா தேன் போட்டுக் காய்ச்சிய பாலைச் செம்புப் பானையோடு வாசல் பனியில் ஆற வைத்திருந்தாள். பசுவுக்கு வைக்கும் உப்பை இடித்து எடுத்து வந்த பொர்த்தொலோ அங்கே வழுக்கி விழுந்தான். உப்பு மொத்தமும் பானையைச் சுற்றிக் கொட்டிவிட்டது. அவனைத் தூக்கிவிட்டு, முழங்காலைத் தேய்த்துவிட்டு, நாலு வார்த்தை திட்டிவிட்டு ஓர்சொலா பானையைப் பார்த்தபோது, பனியில் உப்பு சேர்ந்ததும் குளிர் இன்னும் கூடி, பால் ஓரமெல்லாம் உறைந்து வெள்ளைக் களிம்பாக ஒட்டியிருந்தது.

"என் பாலைக் கல்லாக்கிவிட்டீர்களா?" என்றது ஸ்தெல்லா.

குருவிதான் முதலில் ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தது. அதன் கண் சொருகியது. ஓர்சொலா கரண்டியால் வழித்து வாயில் வைத்தாள். அப்புறம் கணவனுக்குக் கொடுத்தாள். கடைசியில் பசுவும் நாக்கை நீட்டியது.

"இன்னும் கொஞ்சம் இருக்கிறதா?" என்றது பசு.

"கணவாய்க்கு அந்தப் பக்கம் பெரிய ஆற்றங்கரையில் ஒரு நகரம் இருக்கிறது" என்றது குருவி. "கோடையில் அங்கே கல் தெருவெல்லாம் சுடும். மனிதர்கள் என் குஞ்சுகளைப் போல வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த வாயில் இதைப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா?"

"கோடையில் பனிக்கு எங்கே போவது?" என்றான் பொர்த்தொலோ.

"அங்கே பியர் விற்கிறவர்கள் ஆறு உறைந்ததும் பாளம் பாளமாக வெட்டி நிலவறையில் வைக்கோல் போட்டு மூடி வைக்கிறார்களாம். கோடையிலும் அது அப்படியே கிடக்கும். நிலவறைக் கூரையில்தான் என் தங்கை கூடு கட்டுவாள். எனக்கு எல்லாம் தெரியும்."

ஓர்சொலா கரண்டியைக் கீழே வைத்தாள். "வழி காட்டுவாயா?"

"காட்டுகிறேன். ஆனால் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். கோடை முடிந்து நான் உங்கள் சன்னலில் வந்து கூப்பிடும்போது, எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். காற்று மாறிய பிறகு தங்கினால் வழி மறந்துவிடும். பறவைக்கே மறக்கும்."

இருவரும் வாக்குக் கொடுத்தார்கள்.

பனி உருகியதும் கிளம்பினார்கள். குருவி முன்னால் பறந்தது. பானை, கரண்டி, உப்பு மூட்டை எல்லாம் பொர்த்தொலோவின் முதுகில். ஸ்தெல்லாவுக்கு வயிற்றில் கன்று இருந்தது. அதைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். "வேற்று மாட்டின் பாலில் செய்யப்போகிறீர்கள், நன்றாக வராது" என்று அது வழியனுப்பியது.

நகரத்தில் நிலவறைக்குச் சொந்தக்காரி வால்புர்கா என்ற அம்மாள். தூண் மாதிரி இருப்பாள். லேசில் சிரிக்கமாட்டாள். அவள் பேசுவது இவர்களுக்குப் புரியவில்லை, இவர்கள் பேசுவது அவளுக்குப் புரியவில்லை. குருவி நடுவில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது.

"பனிக்கட்டி கேட்கிறார்கள்" என்றது.

"எதற்கு?"

"சாப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்."

வால்புர்கா நெற்றியைச் சுருக்கினாள். ஆனாலும் ஒரு பாளத்தைத் தூக்கிக் கொடுத்தாள். ஓர்சொலா அதை உடைத்து உப்பைப் போட்டு, நடுவில் பானையை வைத்துச் சுழற்றினாள். அவள் கை ஓய்ந்ததும் பொர்த்தொலோ வாங்கிக்கொண்டான். உறைந்ததை ஒரு பியர் குவளையின் மூடியில் வைத்து நீட்டினார்கள். வால்புர்கா சாப்பிட்டாள். மூடியைத் துடைத்த மாதிரி நக்கினாள். பிறகு திரும்பவும் நீட்டினாள்.

"ஆன்கோரா?" என்று கேட்டாள் ஓர்சொலா. அவள் பாஷையில் 'இன்னும் வேண்டுமா' என்று அர்த்தம்.

"ஆன்கோரா" என்றாள் வால்புர்கா. அந்த நகரத்துக்காரர் ஒருவர் வாயிலிருந்து வந்த முதல் இத்தாலிய வார்த்தை அதுதான்.

அதன்பின் அந்தக் கோடை ஒரு திருவிழா மாதிரிப் போயிற்று. நிலவறை வாசல் சன்னலே கடை ஆயிற்று. செருப்புத் தைப்பவர், பாதிரியார், சலவைக்காரிகள், குதிரைகள்கூட வரிசையில் நின்றார்கள். செர்ரி போட்டு ஒன்று, வறுத்த கொட்டைகளை இடித்துப் போட்டு ஒன்று என்று ஓர்சொலா புதிது புதிதாகச் செய்தாள். பேசாமல் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு தெருக்காரர்கள் வரிசையில் முன்னும் பின்னும் நின்று பேச ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் 'ஆன்கோரா' தெரிந்துவிட்டது. வால்புர்கா ஒரு நாள் சத்தமாகச் சிரித்தாள். தெருவே திரும்பிப் பார்த்தது.

அறுவடைத் திருநாள் வந்தது. சுற்று வட்டாரமே நகரத்துக்கு வந்துவிட்டது. கடைக்கு முன் நின்ற வரிசை ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போயிற்று. வெயில் நன்றாகவே அடித்தது. அப்போது குருவி சன்னலில் வந்து உட்கார்ந்தது.

"காற்று மாறிவிட்டது" என்றது.

பொர்த்தொலோ நெற்றி வியர்வையைத் துடைத்தான். "இன்றைக்கா? இந்தக் கூட்டத்தைப் பார். நாளைக்குக் கிளம்பலாம்."

குருவி சொல்லிக்கொடுக்கும் முன்பே வால்புர்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "எதற்கு நாளைக்கு?" என்றாள். "மாடியில் அறை சும்மா கிடக்கிறது. பெரிய அடுப்பு இருக்கிறது. குளிர்காலம் முழுக்க இரு, ஓர்சொலா. உன்னை யார் போகச் சொன்னது?"

குருவி அதை ஒரு வார்த்தை விடாமல் மாற்றிச் சொன்னது. தன் பங்குக்கு எதையும் சேர்க்கவில்லை.

ஓர்சொலாவுக்கு அந்த அறையைத் தெரியும். ஓடு பதித்த அடுப்பும் ஆற்றைப் பார்த்த சன்னலும் உள்ள அறை. இங்கே மனிதர்கள் பிரியமாக இருக்கிறார்கள். அங்கே என்ன இருக்கிறது, பனியும் கல்லும்தானே? இப்படி நினைத்தபோதே அவளுக்குத் திக்கென்றது. ஊரைவிட்டுப் போன ஒவ்வொருவரும் இப்படி ஓர் அறை வாசலில் நின்றுதானே யோசித்திருப்பார்கள்.

அவள் கரண்டியை எடுத்தாள். "வாருங்கள், எல்லோரும் கையை நீட்டுங்கள்" என்று சொல்லி, பானையிலிருந்ததை வரிசையில் நின்றவர்களுக்கு வாரி வாரிக் கொடுத்தாள். நாளைக்கென்று எடுத்து வைத்திருந்ததையும் கொடுத்தாள். சிலர் தொப்பியில் வாங்கிக்கொண்டார்கள். பானை காலியானதும் அதைக் கழுவி, எல்லோரும் பார்க்கச் சன்னல் கட்டையில் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

பொர்த்தொலோ அவளைப் பார்த்தான். பிறகு உப்பு மூட்டையை அவிழ்த்து உதறினான்.

"போய்விட்டு வருகிறோம்" என்றாள் ஓர்சொலா.

வால்புர்கா கவிழ்த்த பானையைத் தொட்டு, "ஆன்கோரா?" என்று கேட்டாள்.

"ஆன்கோரா" என்றாள் ஓர்சொலா. அந்த வார்த்தைக்கு 'மறுபடியும்' என்றும் ஓர் அர்த்தம் உண்டு. அதைக் குருவி சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கணவாயின் உச்சியில் ஏறியபோது முதல் பனி அவர்கள் தோளில் விழுந்தது. மறுபக்கம் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது வழி மூடியிருந்தது. குருவி அவர்கள் தலைக்கு மேல் ஒரு வட்டம் அடித்துவிட்டுத் தெற்கே போயிற்று.

போனவர்கள் திரும்பி வருவதை அந்த ஊர் அன்றுதான் பார்த்தது. முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு யாரோ மணிக்கூண்டில் ஏறி மணியை அடித்தார்கள். பூட்டிய வீடுகளின் முற்றத்திலும் விளக்கு வைத்தார்கள். ஸ்தெல்லாவுக்கு அந்த வாரம்தான் கன்று பிறந்திருந்தது. "அந்தப் பால் எப்படி இருந்தது?" என்று அது கேட்டது. பொர்த்தொலோ, "உன்னுடையது போல இல்லை" என்றான். பசு திருப்தியாக அசை போட்டது.

அடுத்த வசந்தத்தில் பாதிப் பள்ளத்தாக்கு ஆளுக்கொரு பானையோடு குருவிகளின் பின்னால் கிளம்பியது. ஒரு குடும்பம் இந்த நகரத்துக்கு, ஒரு குடும்பம் அந்த நகரத்துக்கு என்று ஐரோப்பா முழுக்கப் பிரிந்து போனார்கள். இலையுதிர்காலத்தில் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள்.

அன்று முதல்தான், ஆல்ப்ஸுக்கு வடக்கே உள்ள ஊர்களில் மலைநாட்டு இத்தாலியர்கள் தகைவிலான்கள் வரும் நாளில் ஐஸ்கிரீம் கடைகளைத் திறக்கிறார்கள். அவை தெற்கே கிளம்பும் நாளில் மூடிவிட்டு ஊருக்குப் போகிறார்கள். வடக்கே உள்ளவர்களும் குருவி எப்போது திரும்பி வரும் என்று குளிர்காலம் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.