கேட்டை விட்டு நகராத நால்வர்

சொன்னதைப் புரிந்துகொள்ளாதவர்கள் ஊருக்கு ஆயிரம் பேர் இருப்பார்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர்கள் நாலு பேர் கிடைப்பதே அபூர்வம். அந்த நாலு பேரும் ஒரே பாலிடெக்னிக்கில், ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் வந்து சேர்ந்தார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்லக் கூடாது. மெக்கானிக்கல் துறைத் தலைவர் சேர்மக்கனி சாரின் ஜாதகத்தில் ஏதோ கோளாறு என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆவுடையப்பன், சங்கிலிமுத்து, தர்மக்கண், ஐகோர்ட்துரை. எள் என்றால் எண்ணெயாக நிற்கும் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்த நால்வரும் எள் என்றால் எள்ளாகவே நிற்பார்கள். ஆவுடையப்பனுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதனால் எழுத்து வேலை எல்லாம் அவன் பொறுப்பு. சங்கிலிமுத்து சந்தேகம் கேட்பான். தர்மக்கண் தலையாட்டுவான். ஐகோர்ட்துரைக்குப் பெயர் வைத்த நேரமோ என்னவோ, எந்த விவாதத்திலும் கடைசித் தீர்ப்பு அவனுடையது. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

மூன்றாம் வருஷம் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஏதாவது ஒரு தொழிற்சாலையில் பதினைந்து நாள் பயிற்சி எடுத்து, சான்றிதழும் தினசரி டைரியும் கொண்டுவராதவர்களுக்குப் பரீட்சை ஹால் டிக்கெட் கிடையாது.

அதைப் படித்ததும் ஆவுடையப்பனுக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. "பரீட்சை மட்டும் எழுதலைன்னு வையி, மறுநாளே மச்சானோட கோழிப்பண்ணைக்குப் போயிரணும்" என்று அம்மா சொல்லியிருந்தாள். பண்ணையில் ஐயாயிரம் கோழி. ஆவுடையப்பனை நாலு வயதில் ஒரு சேவல் தெருக்கோடி வரைக்கும் விரட்டியிருக்கிறது. அன்றிலிருந்து முட்டையைக்கூட அவன் தள்ளி நின்றுதான் பார்ப்பான். ஒரு சேவலுக்கே அந்தப் பாடு என்றால் ஐயாயிரத்துக்கு என்ன ஆகும் என்று அவன் ராத்திரி பகலாகக் கணக்குப் போட்டான்.

நால்வரும் சேர்மக்கனி சாரிடம் போய் நின்றார்கள்.

"ட்ரெயினிங் என்ன வீடு தேடியா வரும்? பத்துக் கம்பெனிப் படியாவது ஏறி இறங்குங்கல!" என்றார் சார்.

மறுநாள் தொழிற்பேட்டைக்குப் போய்ப் பத்துக் கம்பெனிப் படியும் ஏறினார்கள், இறங்கினார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழாவது கம்பெனிக்குப் படியே இல்லை. என்ன செய்வது என்று கால்மணி நேரம் விவாதித்து, ஐகோர்ட்துரையின் தீர்ப்புப்படி பக்கத்திலிருந்த பல் டாக்டர் வீட்டுப் படியில் ஏறி இறங்கிக் கணக்கைச் சரிக்கட்டினார்கள். மொத்தம் நூற்றுப் பதினேழு படி என்று ஆவுடையப்பன் எழுதிக்கொண்டுபோய்க் காட்டினான்.

சார் படிக் கணக்கைப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு பீரோவிலிருந்து ஒரு பயோடேட்டாவை எடுத்துக் கொடுத்தார். போன வருஷம் படித்துவிட்டுப் போன சூசைமாணிக்கம் என்ற கெட்டிக்காரப் பையனுடையது.

"இதைப் பாத்து இதே மாதிரி எழுதி, பம்ப் கம்பெனி பிளாரன்ஸ் மேடத்துக்கிட்ட குடுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஒரு எழுத்துகூட மாறப்படாது."

மாறவில்லை. ஆவுடையப்பன் முத்து முத்தாக நாலு பிரதி எழுதினான். நாலிலும் பெயர் சூசைமாணிக்கம், தகப்பனார் மிக்கேல், பிறந்த தேதி ஒன்று, வலது முழங்காலில் தழும்பு ஒன்று.

பம்ப் கம்பெனி மேனேஜர் பிளாரன்ஸ் மேடம் அன்றைக்கு அவசரத்தில் இருந்தார். வெளியூர் வேலையாக அன்று மாலையே கோயம்புத்தூருக்குக் கிளம்புகிறார், திரும்பிவரப் பதினைந்து நாள் ஆகும். நாலு தாளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார்.

"இதுல சூசைமாணிக்கம் யாரு?"

நாலு கையும் உயர்ந்தது.

"நாலு பேருமா?"

"தாளைப் பாத்துக்கிடுங்க மேடம்" என்றான் தர்மக்கண் பணிவாக.

மேடத்துக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. "என்னமோ போங்க. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு வந்து கேட்டுல நில்லுங்க. கேட்டை விட்டு அங்க இங்க நகரப்படாது, உள்ள மிஷின் ஓடுத இடம். ஃபோர்மேன் வந்து பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு, அவர்கூடப் போங்க. டைரில கண்ணால பாக்குததை எல்லாம் எழுதணும், தெரிஞ்சுதா?"

தெரிந்தது. நல்ல செய்தியைச் சொல்ல சந்தோஷமாகச் சாரிடம் ஓடினார்கள். நாலு பேரும் சூசைமாணிக்கமாகச் சேர்ந்த கதையைக் கேட்டதும் சாருக்கு ரத்தக் கொதிப்பு உச்சிக்கு ஏறிவிட்டது.

"ஏல, பெத்தவங்க வச்ச பேரு எதுக்கு இருக்கு? இனிமே எவனாவது சூசைமாணிக்கம்னு கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கப்படாது. பாத்தீங்க, காலை ஒடிச்சிருவேன்!"

மறுநாள் ஒன்பது மணிக்கு நால்வரும் கேட்டில் நின்றார்கள். ஒன்பதே காலுக்கு ஃபோர்மேன் வந்தார்.

"சூசைமாணிக்கம்!" என்று கூப்பிட்டார்.

நால்வரும் நேரே எதிரிலிருந்த வேப்பமரத்தைப் பார்த்தார்கள்.

"ஏப்பா, சூசைமாணிக்கம்! நாலு பேராமே!"

வேப்பமரத்தில் ஒரு காக்காய் வந்து உட்கார்ந்தது. அதையும் பார்த்தார்கள். மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டு ஃபோர்மேன் உள்ளே போனவர்தான், அப்புறம் வரவே இல்லை.

"பாவம்ல, யாரோ நாலு பயலுவ மொத நாளே ட்ரெயினிங்குக்கு வராம இருக்கானுவ" என்றான் ஆவுடையப்பன். அவனுக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருந்தது. அவர்கள் வீட்டிலும் கோழிப்பண்ணை இருக்குமோ என்னவோ.

பத்து மணிக்கு முதல் லாரி வந்தது. அப்போதுதான் சிக்கல் ஆரம்பித்தது. அந்த கேட், கதவு மாதிரி திறக்கிற கேட் இல்லை. சக்கரத்தில் ஓடுகிற கேட். காவலாளி சுடலைக்கண்ணு அண்ணாச்சி தள்ளினால் தண்டவாளத்தில் கடகடவென்று இருபதடி தூரம் போய் மதிலோரம் நிற்கும்.

"ஏல, கேட் போவுது!" என்று பதறினான் சங்கிலிமுத்து. "நாம நிக்கணுமா, போகணுமா?"

"மேடம் நில்லுங்கன்னுதான் சொன்னாவ" என்றான் தர்மக்கண்.

"கேட்டுல நில்லுங்கன்னு சொன்னாவ. இப்ப கேட் அங்க போயிட்டு. இங்க நின்னா நாம வெறும் ரோட்டுல நிக்கோம்."

"கேட்டை விட்டு நகரப்படாதுன்னும் சொல்லியிருக்காவ" என்று ஞாபகப்படுத்தினான் ஆவுடையப்பன்.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். ஐகோர்ட்துரை கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்புச் சொன்னான்: "கேட் நின்னா நாம நிக்கணும். கேட் ஓடுனா நாம ஓடணும். அப்பந்தான் கேட்டை விட்டு நகராம இருக்கோம்னு அர்த்தம்."

நால்வரும் ஓடிப்போய் கேட்டைப் பிடித்துக்கொண்டார்கள். லாரி உள்ளே போனதும் கேட் திரும்பி வந்தது, கூடவே நால்வரும் வந்தார்கள். அன்றைக்கு மட்டும் நாற்பத்தோரு தடவை. தொழிற்பயிற்சியில் இத்தனை நடை இருக்கும் என்று ஆவுடையப்பன் நினைக்கவே இல்லை. சாயங்காலம் கால் இரண்டும் கடுத்தது. ஆனால் கண்ணை மூடினால் ஐயாயிரம் கோழியும் வரிசையாக வந்து நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாளும் போனான்.

இங்கே பாவப்பட்டவர் சுடலைக்கண்ணு அண்ணாச்சிதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கண் அசருவது அவருடைய பதினோரு வருஷப் பழக்கம். இரண்டாம் நாள் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"தம்பிகளா, உங்களை இங்க யாரு நிக்கச் சொன்னா?"

"பிளாரன்ஸ் மேடம், அண்ணாச்சி."

"நோட்டுல என்ன எழுதுதீக?"

"கண்ணால பாக்குததை எல்லாம் எழுதச் சொல்லியிருக்காவ."

அண்ணாச்சிக்கு முகம் வெளிறிவிட்டது. தன்னை வேவு பார்க்க ஒன்றுக்கு நாலு ஆள் போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். அன்றிலிருந்து சட்டைப் பட்டனை எல்லாம் போட்டார். வருகிற லாரியை எல்லாம் டயர் வரைக்கும் குனிந்து பார்த்தார். மாட்டுக்கும் சல்யூட் அடித்தார். நால்வருக்கும் தன் காசில் டீயும் உளுந்த வடையும் வாங்கிக் கொடுத்தார். ஆவுடையப்பன் அதையும் விடாமல் எழுதினான்.

அந்த டைரியை நீங்கள் படிக்க வேண்டும். ஆறாம் நாள் பக்கத்திலிருந்து கொஞ்சம்:

"மதியம் 2.10. காவலாளி அண்ணாச்சி கண்ணை மூடினார். 2.11. எங்களைப் பார்த்தார், கண்ணைத் திறந்தார். 2.30. அறுபது பம்ப் வெளியே போனது. பம்ப் நீல நிறம். 3.05. மழை. நனையலாமா என்று விவாதம் நடந்தது. நனைய வேண்டாம் என்று மேடம் சொல்லவில்லை என்பதால் நனைந்தோம். 3.40. மழை நின்றது. நாங்களும் நின்றோம்."

பதினைந்தாம் நாள் பிளாரன்ஸ் மேடத்தின் கார் வந்தது. கேட் ஓடியது. கூடவே நாலு பையன்கள் சீராகக் கால் மாற்றி ஓடுவதைப் பார்த்து மேடம் காரை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"நீங்க அந்த நாலு சூசைமாணிக்கம்தானே?"

நால்வரும் வேப்பமரத்தைப் பார்த்தார்கள்.

அண்ணாச்சி அழாத குறையாக நடந்ததை எல்லாம் சொன்னார். மேடம் டைரியை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நின்றபடியே படித்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். இந்த முகங்களைப் பார்த்துச் சான்றிதழ் இல்லை என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்?

"சரி, உள்ள வாங்க. சர்டிபிகேட் தாரேன்."

ஆவுடையப்பன் உள்ளே எட்டிப் பார்த்தான். முப்பதடி தூரத்தில் ஆபீஸ். அங்கே சான்றிதழ். ஒரு கால் அவனை அறியாமல் முன்னால் போயிற்று. ஐகோர்ட்துரை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"மேடம், ஃபோர்மேன் வந்து பேரைச் சொல்லிக் கூப்பிடுவாருன்னு சொன்னீங்க. அவரு இன்னும் வரலை."

"நான் மேனேஜருல! நானே கூப்பிடுதேன்!"

"அதான் மேடம். மேனேஜர் சொன்னதை நாங்க எப்படி மீறுவோம்?"

மேடம் அவர்களை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தாமே ஆபீசுக்குப் போய், நாலு சான்றிதழில் முத்திரை குத்தி, கேட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். பெயர்களை டைரி அட்டையைப் பார்த்துச் சரியாக எழுதியிருந்தார். பொய் எழுத மனம் வராமல் அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தார்: "இவர் பதினைந்து நாளும் எங்கள் நிறுவனத்தில் இடம் மாறாமல் இருந்தார் என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது."

சேர்மக்கனி சார் முத்திரையை மட்டும் பார்த்தார். அதற்குமேல் படிக்கிற தெம்பு அவருக்கு இல்லை. ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, இந்த வருஷத்தோடு தொல்லை ஒழிந்தது என்ற நிம்மதியில் அன்பாகவே சொன்னார்:

"பரீட்சை அன்னைக்கு லேட்டா கீட்டா வந்து தொலைக்காதீங்க. ஒம்பதரைக்கெல்லாம் ஹால் வாசல்ல வந்து நிக்கணும், சரியா?"

"சரி சார்."

பரீட்சை அன்று ஒன்பதரைக்கு நால்வரும் ஹால் வாசலில் நின்றார்கள். தலை வாரி, திருநீறு பூசி, புதுப் பேனாவோடு நின்றார்கள். மற்ற பையன்கள் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். பத்து மணிக்குக் கதவைச் சாத்த வந்த வெளியூர் வாத்தியார் இவர்களைப் பார்த்தார்.

"நீங்க யாருப்பா?"

"எங்களை இங்க நிக்கச் சொல்லியிருக்காங்க சார்."

"ஓ, தண்ணி குடுக்க வந்தவங்களா? சரி, நில்லுங்க" என்று சொல்லி அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஐகோர்ட்துரை மற்ற மூவரையும் பெருமையாகப் பார்த்தான். நிற்கச் சொல்லி இப்போது ஒருவருக்கு இருவர் சொல்லியாயிற்று. ஆவுடையப்பனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கோழிப்பண்ணை தொலைந்தது, அம்மா முகத்தில் இனி விழிக்கலாம். புதுப் பேனாவைத் திறந்து, டைரியில் மிச்சமிருந்த பக்கத்தில் முத்து முத்தாக எழுதத் தொடங்கினான்:

"காலை 10.00. மணி அடித்தது. கதவு சாத்தப்பட்டது. இந்தக் கதவு ஓடவில்லை, ஆகையால் நாங்களும் ஓடவில்லை. மதியம் 1.00. கதவு திறந்தது. உள்ளே போனவர்கள் எல்லாரும் முகம் வாடி வெளியே வந்தார்கள். பரீட்சை ரொம்பக் கஷ்டமாம். எங்களுக்கு முன் அனுபவம் இருந்ததால் கால்கூட வலிக்கவில்லை."