மரியாதையாகப் பின்னால் வந்த கொம்பையா

ஆற்றங்கரைக் காட்டில் கொம்பையா என்றொரு காட்டெருமையும் அதன் மனைவி பேச்சியும் குடியிருந்தன. அவற்றுக்குச் சக்கரம் வைத்த வீடு ஒன்று இருந்தது. கோடையில் ஆற்றங்கரை, மழைக்காலத்தில் மேட்டுக்காடு என்று வீட்டையே இழுத்துக்கொண்டு போய்விடும் குடும்பம் அது. கூரையைப் பின்னியது பேச்சி. வண்டியை இழுப்பது கொம்பையா. காட்டில் பெயர் யாருக்கு என்று கேட்கவே வேண்டாம்.

அந்த வருஷம் மேகம் சீக்கிரமே கறுத்துவிட்டது. ஆறு செந்நிறமாக ஓட ஆரம்பித்தது. மழைக்காலத்துக்குச் சேர்த்த காய்ந்த புல் முழுவதும் வீட்டுக்குள் இருந்தது. 

"இன்னிக்கே பூட்டிக் கிளம்பிரணும். வெள்ளம் வந்தா வீடும் போயிரும், தீனியும் போயிரும்" என்றது பேச்சி.

"பூட்டுறது என் வேலை. நீ ஏன் பதறுற?" என்றது கொம்பையா.

பூட்டுவது அப்படியொன்றும் லேசான காரியமில்லை. வீட்டின் முன்னால் நீளமான மரத்தண்டு. அதன் நுனியில் ஒரு வளையம். தண்டை ஒரு கல்லின் மேல் தூக்கி வைத்திருக்கும். கொம்பையா முதுகுப் பட்டையில் கொக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு, பின்னாலேயே நடந்துவந்து, வளையத்துக்கு நேராக நிற்கவேண்டும். அவ்வளவு பெரிய உடம்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அதற்கே தெரியாது. பேச்சிதான் பக்கத்தில் நின்று சொல்லவேண்டும். ஓர் அடி கூடினாலும் தண்டில் இடிக்கும். தண்டுக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் சரிவு, சரிவுக்குக் கீழே ஆறு.

முன்பெல்லாம் பேச்சி "நில்லு" என்று ஒரே ஒரு சொல்தான் சொல்லும். கொம்பையா நிற்கும். கொக்கி மாட்டும். வீடு கிளம்பிவிடும். போன வருஷம் அதை ஒரு நரி கேட்டுவிட்டது. "கொம்பு மட்டும்தான் அண்ணனுக்கு, அதிகாரமெல்லாம் அண்ணிக்கு" என்று காடு முழுக்கச் சொல்லிச் சிரித்தது. அன்றிலிருந்து கொம்பையாவுக்குத் தின்ற புல் செரிக்கவில்லை.

இப்போதும் நரி வந்து பாறைமேல் உட்கார்ந்திருந்தது. கூடவே வேலைவெட்டி இல்லாத குரங்குகள் சில.

கொம்பையா மனைவியைத் தனியே அழைத்தது. "இங்க பாரு, நாலு பேர் முன்னால என்னை நில்லுன்னு சொல்லாதே. மரியாதையாச் சொல்லு."

"மரியாதையான்னா?"

"முதல்ல என்னங்கன்னு கூப்பிடு. அப்புறம் என் பலத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. கடைசியில விஷயத்துக்கு வா. அதையும் உத்தரவாச் சொல்லாம, ஒரு யோசனையாச் சொல்லு."

"அவ்வளவையும் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வந்து இடிச்சிருவீங்களே."

"நான் என்ன புயலா? மெதுவாத்தான் வருவேன்."

"அப்ப நீங்களே ஒரு தரம் திரும்பிப் பாத்துக்கிடுங்க."

"திரும்பிப் பாத்தா பயந்துட்டான்னு நரி சொல்லும்."

பேச்சி பெருமூச்சு விட்டது. வாதாடி ஜெயித்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டு தண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அந்த இடத்தில் அது வாதாடியிருக்க வேண்டும்.

கொம்பையா பின்னால் வர ஆரம்பித்தது. நரி குரல் கொடுத்தது. "அண்ணே, உங்களுக்குப் போய் ஆள் சொல்லணுமா? கண்ணை மூடிக்கிட்டே வருவீங்களே!"

கொம்பையாவின் நெஞ்சு நிமிர்ந்தது. நடையில் வேகமும் கூடியது.

"என்னங்க" என்று ஆரம்பித்தது பேச்சி. "மலையையே முட்டித் தள்ளுற பலசாலி நீங்க..."

"ஆமா, ஆமா" என்று ரசித்தபடியே வந்தது கொம்பையா. குரங்குகள் கைதட்டின.

"உங்களுக்குத் தெரியாததை நான் என்ன சொல்லிரப்போறேன்..."

கொக்கி வளையத்துக்கு நேராக வந்தது. தாண்டியும் போனது.

"இந்த இடத்துல கொஞ்சம் நின்னா நல்லாருக்குமோன்னு..."

தடால்! கொம்பையாவின் பின்புறம் தண்டில் மோதியது. சக்கரத்துக்கு அடை கொடுத்திருந்த கற்கள் தெறித்தன. வீடு சரிவில் உருண்டது.

"நில்லு!" என்று அலறியது பேச்சி.

கொம்பையா அந்தக் கணமே நின்றது. வீடு நிற்கவில்லை.

பேச்சி கரையோரமாகவே ஓடியது. ஆற்றில் விழுந்த வீடு எந்தக் கிளையிலாவது சிக்காதா என்று பார்த்தது. வாயால் கவ்விக் கவ்விப் பின்னிய கூரை, ஆற்றின் வளைவு வரைக்கும் மிதந்துபோய் மறைந்தது. பேச்சிக்கு அழுகை அழுகையாக வந்தது.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த கொம்பையா கேட்டது, "அந்த நில்லுவை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"சொல்லத்தான் ஆரம்பிச்சேன். உங்க பலத்தைத் தாண்டி வரவே இவ்வளவு நேரம் ஆயிட்டு."

நரி பாறையை விட்டு இறங்கியது. "வீடு போனாப் போகுது அண்ணே. அண்ணி உங்களுக்குக் குடுத்த மரியாதை இருக்கே, இந்தக் காட்டுலயே யாருக்கும் கிடைக்காது" என்று சொல்லிவிட்டுத் தன் குகைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அதற்கென்ன, குகை இருக்கிறது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கணவனும் மனைவியும் மேட்டுக்காட்டில் ஒரு மருத மரத்தடியில் நனைந்தபடி நின்றன. கொம்பையா தணிந்த குரலில் சொன்னது, "பேச்சி, இனிமே யார் இருந்தாலும் நீ நில்லுன்னே சொல்லு."

"எதைப் பாத்துச் சொல்ல? இந்த மழையையா?" என்றது பேச்சி.

ஆபத்து நேரத்தில் துணை சொல்லும் சொல்லை விட்டுவிட்டு, சொல்லும் விதத்தில் மரியாதை பார்ப்பவருக்கு மரியாதை மட்டுமே மிஞ்சும்.