கரை மாறிய மணப்பெண்

கொண்டலாறு கடலில் கலக்கும் இடத்தில் இரண்டு ஊர்கள் இருந்தன. வடகரையில் நாணல்மேடு, தென்கரையில் சங்குத்துறை. இரண்டுக்கும் கரைவலைதான் பிழைப்பு. வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, மணலில் நின்று ஊரே கயிற்றைப் பிடித்து இழுக்கும்.

முன்னோர் ஒரு விதி வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் ஒரே கயிற்றைப் பிடித்தவர்கள் உடன்பிறந்தவர்கள். அவர்களுக்குள் மணம் கிடையாது. தகப்பன் பிடித்தது மகளைச் சேராது, அவரவர் கைக்குத்தான் அந்த உறவு. அதனால் எப்போதும் எதிர்க்கரையில்தான் பெண் எடுத்தார்கள். நாளடைவில் விதியைச் சுருக்கி, "ஒரே கரைக்குள் கூடாது" என்று சொல்லிப் பழகிவிட்டார்கள்.

சங்குத்துறையின் வடக்குத் தெருவில் மாசிலாமணியின் மகள் தையல்நாயகி. அவளுக்கும் நாணல்மேட்டுக் கலியனுக்கும் ஐப்பசியில் நிச்சயம் ஆயிற்று. தையில் கல்யாணம்.

கார்த்திகை வெள்ளத்தில் ஆறு கடலில் விழும் தன் பழைய வாயை மணலால் மூடிக்கொண்டு, வடக்குத் தெருவுக்குத் தெற்கே புதிதாக ஒரு வாயைத் திறந்தது. யாரையும் கேட்கவில்லை. விடிந்தபோது வடக்குத் தெருவின் முப்பது வீடுகளும் அப்படியே இருந்தன. ஆறு மட்டும் அவற்றின் மறுபுறம் ஓடிக்கொண்டிருந்தது. தெரு நாணல்மேட்டோடு ஒட்டிவிட்டது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, காலை வெயிலில் கடல் வெள்ளியாய் மின்ன, சாளை மீன் கூட்டம் கரையோரம் வந்தது. நாணல்மேட்டு வலை கனத்தது, ஆள் போதவில்லை.

"ஏன் ஒதுங்கி நிக்கிறீங்க? இனி நீங்களும் எங்க கரைதான், வாங்க!" என்று நாணல்மேட்டின் தலைவர் நாட்டார், வடக்குத் தெருக்காரர்களைக் கூவி அழைத்தார்.

தெருவே ஓடிவந்து கயிற்றைப் பிடித்தது. மாசிலாமணி முன்னால் நின்று பாட்டெடுத்தார். தையல்நாயகி மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மருதாணி கலைஞ்சிடுமாம் மகாராணிக்கு!" என்றாள் ஒருத்தி.

"வா புள்ள, வந்து ஒரு கை குடு!" என்று கலியனே கூப்பிட்டான். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நின்றாள்.

மீன் குவிந்தது. சிரிப்பும் கூச்சலுமாகப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு கிழவர் கேட்டார்: "ஒரே கரைன்னா, நாளை மறுநா கல்யாணம் எப்படி?"

எல்லோரும் நாட்டாரைப் பார்த்தார்கள்.

நாட்டாரின் முகம் வாடியது. "என் வாயாலேயே சொல்லிட்டேனே. ஒரே கரைன்னா ஒரே கரைதான். கல்யாணம் கூடாது."

மாசிலாமணி கையிலிருந்த மீனைக் கீழே போட்டார். "நிச்சயம் பண்ணின அன்னிக்கு நடுவுல ஆறு ஓடிச்சு. அன்னிக்குக் குடுத்த வாக்குதான் செல்லும்."

தோணிக்காரர் காதர் பாய் இருவரையும் பார்த்துச் சிரித்தார். "எதுக்குச் சண்டை? கடல் ஏறும்போது பழைய வாயில முழங்கால் தண்ணி நிக்குது. அந்த நேரத்துக்கு முகூர்த்தம் வையுங்க. பொண்ணைத் தோணியில நானே கொண்டாறேன். அப்ப ரெண்டு கரைதானே?"

"தண்ணி வத்தினதும் புருஷன் அண்ணனாயிடுவானா பாய்?" என்று ஒருத்தி கேட்க, கரையே சிரித்தது. கலியன் சிரிக்கவில்லை. தையல்நாயகி கைகளைப் பிரித்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் சொன்ன ஒரே வாக்கியத்தில் நாட்டாரே கல்யாணத்துக்குத் தலையசைத்தார்.

நாட்டார், மாசிலாமணி, காதர் பாய் மூவரில் யார் சொன்னது சரி? அவள் என்ன சொல்லியிருப்பாள்?

விடை: மூவர் சொன்ன காரணமும் தவறு. மூவரும் ஆற்றையே பார்த்தார்கள். விதியில் ஆறு என்ற பேச்சே இல்லை, கயிறுதான் இருக்கிறது. உண்மையில் உடன்பிறந்தவர்கள் என்றால் வாக்கும் செல்லாது, தோணியும் உதவாது. தையல்நாயகி நாட்டாரிடம், "எங்கப்பா பிடிச்சாரு, எங்க தெருவே பிடிச்சுது, என் கை உங்க கயித்துல படவே இல்ல" என்றாள். பிறகு கலியனிடம் திரும்பி, "அசடு, நீ கூப்பிட்டப்ப வந்திருந்தா இன்னிக்கு நான் உனக்குத் தங்கச்சி" என்றாள். தாலி ஏறிய மறுநாள் காலை, சிவந்த மருதாணிக் கைகளோடு கயிற்றின் முதல் ஆளாக நின்று அவள் இழுத்த இழுப்பில், பின்னால் நின்ற கலியன் மணலில் விழுந்தான்.