பிச்சைக்கனி வீட்டுக் கதவுக்கு அலாரம் ஒட்டிய கதை

கோட்டைவிளையில் பிச்சைக்கனி, லிங்கதுரை, முத்துக்குட்டி என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூளை இல்லாதவர்கள் என்று ஊர் சொல்லும். அது அபாண்டம். ஆளுக்கொரு மூளை உண்டு. தேய்ந்துவிடுமே என்று வெளியே எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

இவர்களுக்கு ஒரே தங்கை, சந்தனமாரி. வீட்டுக்கு வந்த புத்தி மொத்தமும் அவளிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அவளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். பட்டுச்சேலை, வெள்ளிக் குத்துவிளக்கு, சங்கிலி எல்லாம் உள்ளறையில் ஒரு தகரப்பெட்டியில் இருந்தன. மாப்பிள்ளையின் அம்மா வடிவம்மை கறாரான பொம்பளை. "புதன்கிழமை வந்து பார்ப்பேன். சொன்னதுல ஒரு கரண்டி குறைஞ்சாலும் கல்யாணம் கிடையாது" என்று நிச்சயத்தன்றே சொல்லிவிட்டாள். போன வாரம்தான் அதே தெருவில் இரண்டு வீட்டில் திருட்டு. சந்தனமாரிக்குச் சோறு இறங்கவில்லை.

"அண்ணே, கதவுலயும் ஜன்னல்லயும் நாமளே ஒட்டிக்கிடுத அலாரம் இருக்காம். ஆளு கூப்பிட வேண்டாம், வயர் இழுக்க வேண்டாம். போய் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

மூவரும் போனார்கள். கடைக்காரர் மூன்று விதம் காட்டினார். ஒன்று கதவு திறந்தால் 'டிங் டாங்' என்று மணியடிக்கும். ஒன்று ஃபோனுக்குச் சேதி அனுப்பும். ஒன்று தெருவே கேட்கக் கத்தும். மூவரும் கடை வாசலிலேயே உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"மணியடிக்கது விருந்தாளிக்குல்லா? திருடனுக்கு எதுக்கு அந்த மரியாத?" என்றான் லிங்கதுரை.

"ஃபோன்ல சொல்லுதது கோள்மூட்டுத வேல. நம்ம வீட்டுல அந்தப் பழக்கம் கிடையாது" என்றான் முத்துக்குட்டி.

"அப்பக் கத்துததே இருக்கட்டும். எதுனாலும் மூஞ்சிக்கு நேரா கத்திரணும்" என்று பிச்சைக்கனி தீர்ப்புச் சொன்னான்.

கடைக்காரர் விளக்கினார். "ஒரு துண்ட கதவுல ஒட்டணும், இன்னொரு துண்ட நிலையில. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும். பிரிஞ்சா கத்தும். ஒட்டுததுக்கு முன்னால கதவ ஈரத்துணியால தொடச்சு நல்லா காய வைங்க."

நல்லா காய வைப்பது என்றால் வெயிலில் வைப்பதுதானே? கதவைத் துடைத்து, கழற்றி, மொட்டைமாடியில் காயப்போட்டார்கள். அன்று பகல் முழுக்க வீடு கதவில்லாமல் திறந்து கிடந்தது. வத்தல் என்றால் காக்கா வரும், கதவுக்கு என்ன வரும் என்று தெரியாததால் மூவரும் மாடியிலேயே குச்சியோடு காவல் இருந்தார்கள்.

சாயங்காலம் கதவை மாட்டி, துண்டுகளை ஒட்டி முடித்தார்கள். லிங்கதுரை பால் வாங்கக் கதவைத் திறந்தான். அலாரம் வீல் என்று கத்தியது. மற்ற இருவரும் பாய்ந்து அவனைப் பிடித்துத் தூணோடு கட்டினார்கள்.

"நான்தாம்ணே, லிங்கதுரை!"

"லிங்கதுரையா இருந்தா அலாரம் ஏம்ல கத்துது? பார்க்க அவன மாதிரியே வந்திருக்கான் பாரு, களவாணிப்பய!"

சந்தனமாரி ஓடிவந்து கதவைச் சாத்தினாள். சத்தம் நின்றது. பிச்சைக்கனி கட்டை அவிழ்த்து, "அட, நம்ம லிங்கதுரை! எப்பல வந்த?" என்று கேட்டான்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் காலையில் ரவிக்கை வாங்கிவர அவள் திருநெல்வேலி போயே ஆகவேண்டும். போகும்போது கும்பிட்டுச் சொன்னாள்: "ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். நான் வார வரைக்கும் கதவு, ஜன்னல் எதையும் திறக்காதீங்க." அலாரம் கத்த, அவர்கள் கயிறு எடுப்பதற்குள் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

சொன்னால் சொன்னதுதான். திறக்கவில்லை. ஆனால் பத்து மணிக்கு மூவருக்கும் டீ தவித்தது. டீக்கடையோ வெளியே இருந்தது.

"கதவத் திறக்கக் கூடாது. ஜன்னலத் திறக்கக் கூடாது. செவத்தப் பத்தி ஏதும் சொன்னாளா?" என்று கேட்டான் முத்துக்குட்டி.

சொல்லவில்லை. கடப்பாரையை எடுத்து அடுப்படிச் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டார்கள். போனார்கள், டீ குடித்தார்கள், வந்தார்கள். அலாரம் மூச்சுவிடவில்லை. தங்கச்சி சொல்லைக் காப்பாற்றிவிட்டோம் என்று பிச்சைக்கனிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மத்தியானம் அதே ஓட்டை வழியாக ஓர் ஆள் உள்ளே வந்தான். மூவரும் இருப்பதைப் பார்த்துத் திரும்பி ஓடப் பார்த்தான். பிச்சைக்கனி கையமர்த்திவிட்டு அலாரத்தைக் கவனித்தான். அது கம்மென்று இருந்தது.

"கத்தல. நல்ல மனுசன்தான். உக்காருங்க, என்ன விஷயம்?"

வந்தவன் உள்ளறையை எட்டிப் பார்த்தான். "உள்ள பெட்டி ஏதும் இருந்தா... கொண்டுபோலாம்னு..."

"இருக்கு, இருக்கு. லிங்கதுரை, ஒரு கை பிடில."

பெட்டி ஓட்டைக்குள் நுழையவில்லை. "முன்வாசல் வழியாக் கொண்டுபோயிருதேனே" என்றான் அவன்.

பிச்சைக்கனி பதறிவிட்டான். "ஐயையோ! கதவத் திறந்தா அது கத்தும், ஒங்களத் திருடன்னுல்லா நாலு பேரு நெனப்பாங்க!"

கடப்பாரையை எடுத்து ஓட்டையைப் பெரிசாக்கி, பெட்டியைத் தூக்கி அவன் வண்டியில் ஏற்றி, கயிறும் கட்டிக் கொடுத்தார்கள்.

அன்றுதான் புதன்கிழமை. சாயங்காலம் சந்தனமாரி பஸ்ஸை விட்டு இறங்கினாள். கூடவே சீர் பார்க்க வடிவம்மையும் இறங்கினாள். கதவைத் தட்டி, "அண்ணே, நான் வந்துட்டேன், திறங்க" என்றாள்.

"எங்க வந்த? நீ வெளியதான நிக்க? உள்ள வந்து சொல்லு, திறக்கோம்" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

அவள் தன்னிடமிருந்த சாவியால் திறந்தாள். அலாரம் வீல் என்றது. மூன்று அண்ணன்களும் பாய்ந்து அவளைத் தூணோடு கட்டினார்கள். கட்டின இடத்திலிருந்து அவளுக்கு உள்ளறை தெரிந்தது. பெட்டி இருந்த இடம் வெறுந்தரையாகக் கிடந்தது. அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

"பெட்டி எங்கய்யா?" என்று கேட்டாள் வடிவம்மை.

"அது ஒரு நல்ல மனுசன் கொண்டுபோயிட்டாரு அத்த. அவரு வந்தப்ப அலாரம் கத்தவே இல்ல. இவதான் திருடி" என்றான் பிச்சைக்கனி பெருமையாக.

வடிவம்மை சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். மூன்று பேரையும் பார்த்தாள். அழுகிற பிள்ளையைப் பார்த்தாள். அந்தக் கறாரான பொம்பளைக்கே மனசு இளகிவிட்டது. கட்டை அவிழ்த்து, "ஏட்டி, அழாத. சீரும் வேண்டாம், செனத்தியும் வேண்டாம். இவனுவ கூட இத்தன வருசம் இருந்தும் புத்தியோட இருக்கியே, அதவிடச் சீரு என்ன இருக்கு? கெளம்பு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

பிச்சைக்கனி ஓட்டை வழியாக வெளியே வந்து, வீட்டைச் சுற்றி ஓடி, மூச்சு வாங்க அவர்களை மறித்தான்.

"அத்த, திருடியப் பிடிச்சுட்டுப் போறீங்க, ரொம்ப சந்தோசம். போற வழியில எங்க தங்கச்சியப் பாத்தா வெரசா வரச் சொல்லுங்க. வீட்டுக்குத் திருடி வந்தத மட்டும் சொல்லிராதீங்க. கல்யாணப் பொண்ணு, பயந்துரும்."