முடிவைச் சொல்லாத மன்றம்

தலையாட்டிப்பாளையம் எந்த ஜில்லாவில் இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் தேடி வந்து உதைப்பார்கள் என்ற பயமெல்லாம் எனக்கு இல்லை. உதைக்கிற அளவுக்கு அவர்களுக்கு விஷயம் புரிந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. மாலையும் பழத்தட்டுமாக வந்து, "எங்க ஊரைப் பத்திப் பெருமையா எழுதிப்போட்டீங்க" என்று கும்பிட்டு நிற்பார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

அந்த ஊரில் இருந்தது ஒரே ஒரு சினிமாக் கொட்டகை, பொன்மயில் டாக்கீஸ். முதலாளி செங்கோடன் நல்ல மனிதர். ஊரில் மற்றவர்களுக்கு இல்லாத புத்தி அவருக்குக் கொஞ்சம் இருந்தது. அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அந்த ஊரில் அவர் பட்ட பாடு சொல்லி மாளாது.

அவருடைய தலைவலிக்குப் பெயர் தலையாட்டிப்பாளையம் திரைப்பட ரசனை மன்றம். தலைவர் தீர்த்தகிரி, செயலாளர் பரஞ்சோதி, பொருளாளர் உலகநாதன் என்று மூன்று பேர் முதலில் மன்றத்தை ஆரம்பித்தார்கள். உறுப்பினர் இல்லாமல் என்ன மன்றம் என்று யாரோ கேட்க, சேமலையைப் பிடித்து உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்தால் நால்வரும் மேட்னி பார்த்துவிட்டு வெளியே வந்து, எதிரே டீக்கடை பெஞ்சில் ஏறி நின்று கருத்துச் சொல்வார்கள். அந்தக் கருத்து வரும் வரைக்கும் ஊரில் ஒருவனும் டிக்கெட் வாங்க மாட்டான். வந்த பிறகு பெரும்பாலும் வாங்கவே மாட்டான்.

ஒரு தடவை கண்ணீர்க் கதை ஒன்று வந்தது. சுவரொட்டியில், 'குடும்பத்தோடு காண வேண்டிய காவியம்' என்று போட்டிருந்தது. பொருளாளர் உலகநாதனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. மனிதர் பக்கத்து வீட்டுக்குப் போய், "ஏனுங்க, உங்க குடும்பத்தைக் கொஞ்சம் குடுங்க. படம் விட்டதும் கொண்டாந்து விட்டர்றனுங்க" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரரும் அதே ஊர்க்காரர்தானே! "தாராளமாக் கூட்டிட்டுப் போங்க. சின்னவன் மட்டும் கொஞ்சம் சேட்டை பண்ணுவான், பார்த்துக்கங்க" என்று அனுப்பி வைத்தார்.

படத்தில் அப்பா செத்துப்போகிற இடத்தில் செங்கோடனே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மன்றத்தார் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வந்ததும் தீர்த்தகிரி பெஞ்சில் ஏறினார்.

"வீட்டுல பொணம் கெடக்குது. ஒருத்தன் எங்கியோ ஒளிஞ்சுட்டு பிடில் வாசிக்கறான்! அந்த வீட்டாளுக ஒருத்தராச்சும் எந்திரிச்சுப் போயி, 'ஏன்டா, இழவு வீட்டுல என்னடா கச்சேரி'ன்னு கேட்டாங்களா? மானங்கெட்ட குடும்பம். இதைப் போயி நாம குடும்பத்தோட பார்க்கோணுமாம்!"

"அதானே!" என்றது ஊர். மறுநாள் செங்கோடன் காலி நாற்காலிகளுக்கு நடுவே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்து ஒரு சிரிப்புப் படம். 'மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய படம்' என்று ஏதோ பத்திரிகையில் எழுதிவிட்டார்கள். எங்கே கழற்றி வைப்பது என்று மன்றம் கூடிப் பேசியது. வீட்டில் வைக்கலாமென்றால் எலித் தொல்லை. கடைசியில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய், "பத்திரமா வெச்சுக்கங்க" என்று தலையை நீட்டினார்கள். ஸ்டாண்டுக்காரன் தலையிலிருந்த உருமாலைகளை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு ஆளுக்கொரு டோக்கன் கொடுத்தான்.

அந்தப் படத்தில் ஒருவன் வழுக்கி வழுக்கி விழ, "ஐயோ, ஆராச்சும் சோடா கொண்டாங்க!" என்று அலறிக்கொண்டு சேமலை திரையைப் பார்த்து ஓடினார். "மனுசன் உளுந்துட்டே கெடக்கறான். தூக்கி விடாம பக்கத்துல நின்னு படம் புடிச்சுட்டு இருக்கறாங்க, ஈவு இரக்கமில்லாத பசங்க" என்று மன்றம் காறித் துப்பியது. அந்தப் படமும் படுத்தது. டோக்கனைக் கொடுத்து மூளையைத் திரும்ப வாங்க வேண்டும் என்ற ஞாபகம் நால்வருக்கும் ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது. அதுவரைக்கும் வீட்டிலும் சரி, ஊரிலும் சரி, யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

இப்படியே போனால் கொட்டகை என்ன ஆகும்? கோயமுத்தூரிலிருந்து மாப்பிள்ளை பூபதி வந்தார். கட்டட இன்ஜினீயர், கறுப்புக் கண்ணாடி போட்டவர், தலையாட்டிப்பாளையத்துத் தண்ணீரைக்கூடக் குடிக்க யோசிக்கிறவர். கொட்டகை இருந்த இடத்தைச் செங்கோடன் மகளுக்குச் சீராக எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது அதை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப் போவதாகச் சொன்னார் மாப்பிள்ளை.

"மாமா, இந்த ஊர்ல படம் பார்க்க ஆள் இல்லீங்க. கல்யாணம் பண்ணிக்க மட்டும் குறைவே இல்ல."

விளக்கு அணைந்ததும் எழும் அந்த விசில் சத்தத்தைக் கேட்காமல் செங்கோடனால் இருக்க முடியாது. அந்தக் கொட்டகைதான் அவருக்கு உலகம். மாப்பிள்ளை என்றும் பாராமல் கெஞ்சினார். பூபதி கடைசியில் இறங்கி வந்தார்.

"சரிங்க மாமா. அடுத்த படத்துக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கொட்டகை நிறையணும். ஓசியில ஆளைக் கூட்டி உக்கார வெச்சா அவன் பாதியில எந்திரிச்சுப் போயிருவான். அதனால படம் முடியற வரைக்கும் ஒரு சீட்டு காலியாகக் கூடாது. நானே வந்து பார்க்கறேன்."

அடுத்த படம் ஒரு கொலைக் கதை. கொலைகாரன் யாரென்று கடைசியில்தான் தெரியும். ஆரம்பத்திலேயே திரையில் பெரிய எழுத்தில், 'இப்படத்தின் முடிவைத் தயவுசெய்து யாருக்கும் தெரியப்படுத்தாதீர்கள்' என்று ஒரு வேண்டுகோள் வந்தது.

வெள்ளிக்கிழமை மேட்னி விட்டதும் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார் செங்கோடன். மன்றத்தார் வந்தார்கள். சேமலை இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தார்.

"படம் எப்படிங்க?"

"சொல்றதுக்கில்லீங்க" என்றார் தீர்த்தகிரி.

"நல்லா இருக்குதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

பரஞ்சோதி குறுக்கே வந்தார். "அதெப்படிங்க முடியும்? நல்லா இருக்குதுன்னு சொன்னா கொலைகாரன் மாட்டிக்கிட்டான்னு தெரிஞ்சு போயிரும். நல்லா இல்லைன்னா தப்பிச்சுட்டான்னு தெரிஞ்சு போயிரும்."

"சரி சாமி, படமாச்சும் முடிஞ்சுதா?"

"முடிவைப் பத்தி மட்டும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நால்வரும் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்கள்.

பெஞ்சு காலியாக இருப்பதைப் பார்த்த ஊருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மன்றமே வாயைத் திறக்கவில்லை என்றால் உள்ளே என்னவோ இருக்கிறது! சனிக்கிழமை சாயங்காலம் கொட்டகை பிதுங்கியது. செங்கோடனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கூட்டத்தைப் பார்க்க மன்றத்தாரும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். கடைசிக் கட்டம் வந்தது. திரையில் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "கொலை செய்தது யார் என்று இப்போது சொல்கிறேன்" என்றார். தீர்த்தகிரி துள்ளி எழுந்தார்.

"அடப்பாவி! நாம வாயைக் கட்டிட்டுத் திரியறோம். இவன் ஊரையே கூட்டி வெச்சுச் சொல்றானே!"

நால்வரும் பாய்ந்து மேடையேறி, வேட்டிகளை அவிழ்த்துத் திரைக்கு முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு, பட்டாபட்டி டிராயரோடு நின்றார்கள். இன்ஸ்பெக்டரின் மீசை உலகநாதன் வேட்டியில் தெரிந்தது. வாய் சேமலையின் தொப்பைமேல் அசைந்தது. பேச்சாவது காதில் விழுந்திருக்கும், பரஞ்சோதி சும்மா இராமல் உச்சக் குரலில் "கோவிந்தா!" என்று கத்தினார். அந்தச் சத்தம் கேட்டால் அந்த ஊருக்கு வேறொன்றும் தெரியாது. கொட்டகை மொத்தமும் "கோவிந்தா! கோவிந்தா!" என்று பதில் போட்டது. அதற்குள் படம் முடிந்துவிட்டது.

நாற்காலிகளை உடைக்கப் போகிறார்கள் என்று பயந்தார் செங்கோடன். வேறு ஊராக இருந்தால் உடைத்திருப்பார்கள். இங்கே தீர்த்தகிரி வேட்டியைக் கட்டிக்கொண்டே திரையில் வந்த வேண்டுகோளை எடுத்துச் சொன்னதும் கூட்டம் அமைதியாகிவிட்டது.

"யாருக்கும்னு போட்டிருந்தா அது நமக்கும் சேர்த்துத்தானே?" என்றார் ஒருவர்.

"நாளைக்கு வந்து நாமளும் காவல் காக்கலாம்" என்றார் இன்னொருவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கோடன் மன்றத்தாரைத் தேடி ஓடினார். அவர்கள் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார்கள். படம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தி விடுவதாம்.

"ஐயா, ஒரு சீட்டு காலியானாலும் எங்கொட்டகையை இடிச்சுப்போடுவாங்க! எல்லாரும் உக்காந்தே இருக்கோணும்" என்று கும்பிட்டார் செங்கோடன். மன்றம் யோசனையில் ஆழ்ந்தது.

"திரையைச் செவுத்துப் பக்கமாத் திருப்பிப் போட்டா?" என்றார் சேமலை.

"முடிவை முதல்லயே ஓட்டிப்போடலாம்" என்றார் உலகநாதன். "அப்ப அது ஆரம்பம். ஆரம்பத்தைத் தெரியப்படுத்தக் கூடாதுன்னு அவங்க போடலையே."

"அப்ப ஆரம்பம் கடைசிக்குப் போயி முடிவாயிருமே. அதை ஆரு காப்பாத்தறது?" என்றார் பரஞ்சோதி.

செங்கோடனுக்கு மண்டை காய்ந்தது. இந்த நாலு பேர் கையிலா நம் பிழைப்பைக் கடவுள் கொடுத்தான் என்று அழுகையே வந்துவிட்டது. அப்போது தீர்த்தகிரி கையை உயர்த்தினார்.

"எல்லாரும் உக்காந்தே இருக்கட்டும். முடிவு வாரப்ப கண்ணை மூடிட்டு, காதைப் பொத்திக்கட்டும்."

மற்ற நாளாக இருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார் செங்கோடன். அன்றைக்கு அவர் தலைவரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சாயங்காலம் கொட்டகை நிறைந்தது. பூபதி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் உள்ளே வந்து, ஊரைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, முன்வரிசை நடுவில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். செங்கோடன் பின்கதவருகே நின்றுகொண்டார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். உடனே தீர்த்தகிரி மேடையேறி, "மகாஜனங்களே, கண்ணு! காது!" என்று குரல் கொடுத்தார்.

அத்தனை கைகளும் ஒன்றாக எழுந்து காதுகளைப் பொத்தின. ஊரே மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்க, இன்ஸ்பெக்டர் கொலைகாரனைப் பற்றி யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். செங்கோடனுக்குத் திரையைப் பார்க்க ஏது மனசு! வரிசை வரிசையாகத் தலைகளைத்தான் பார்த்தார். ஒரு நாற்காலிகூடக் காலியாகவில்லை. விளக்குப் போட்டபோது அவர் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

பூபதி என்னவோ யோசனையாக வெளியே வந்தார். "ஜெயிச்சுட்டீங்க மாமா, கொட்டகை உங்களுதுதான்" என்று கையைக் குலுக்கிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி செங்கோடன் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார்.

திங்கட்கிழமை காலையில் டீக்கடை முன்னால் ஊரே கூடியிருந்தது. பெஞ்சில் தீர்த்தகிரி நின்றிருந்தார். முகத்தில் அப்படியொரு வெறுப்பு. நன்றி சொல்லலாமென்று வந்த செங்கோடன் கூட்டத்துக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார்.

"முடிவு என்னன்னு நாங்க சொல்ல மாட்டோம்" என்று ஆரம்பித்தார் தலைவர். "ஆனா ஒரு அநியாயத்தைச் சொல்லாம இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை நாங்க பார்த்தப்ப அந்தக் கடைசிக் கட்டம் நல்ல வெளிச்சமா இருந்துது. நேத்து எப்படி இருந்துது? நீங்களே சொல்லுங்க!"

"கும்மிருட்டு!" என்றது ஊர்.

"சத்தமாச்சும் கேட்டுதா?"

"ஒண்ணுமே கேக்கலை!"

"மாப்பிள்ளை முன்னால கரண்டு மிச்சம் புடிச்சுக் காட்டறாரு முதலாளி. இந்தக் கொட்டகையில இனிமே மனுசன் படம் பார்ப்பானா?"

ஊர் அதானே என்று சொல்லிவிட்டுக் கலைந்து போனது. போகிற போக்கில் ஒருவர் செங்கோடனிடம், "இத்தனை கஞ்சத்தனம் ஆகாதுங்க" என்று வருத்தத்தோடு புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

செங்கோடன் நேரே கொட்டகைக்குள் போய்க் கோயமுத்தூருக்குப் போனைப் போட்டார்.

"மாப்பிள்ளை, கொட்டகையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்கே வந்து இடிச்சுப்போட்டு மண்டபத்தைக் கட்டுங்க. இந்த ஊர்ல இனி ஒரு நிமிசம் என்னால படம் ஓட்ட முடியாதுங்க!"

அந்தப் பக்கம் பூபதி தொண்டையைச் செருமிக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மண்டபம் கெடக்கட்டும் மாமா. நேத்திருந்து உங்ககிட்டக் கேக்கணும்னே இருந்தேன். கடைசியில ஏனுங்க வெளிச்சத்தையும் அணைச்சு, சத்தத்தையும் நிறுத்திட்டீங்க?"