பூவாயி எழுந்த இடம்

அந்தக் காலத்தில், கல்லுக்கும் காற்றுக்கும் வாய்ப்பேச்சு இருந்தபோது, சிர்க்கோனியா என்றொரு வெள்ளைக் கல்லூர் இருந்தது. அங்கே சிர்க்கோனியம் ஆண்களுக்கு நாலு கை, ஆக்சிஜன் பெண்களுக்கு இரண்டு கை. எல்லாக் கைகளும் கோத்தபடியே இருக்கும். ஊரில் ஓர் இடம்கூடக் காலியில்லை என்பதில் தலைவர் மாசாணத்துக்கு அப்படியொரு பெருமை.

ஊருக்கு ஒரு பக்கம் காற்றுவெளி. மறுபக்கச் சுவருக்கு அப்பால் ஹைட்ரஜன் பிள்ளைகள் அடைபட்டுக் கிடந்தார்கள். ஓர் ஆக்சிஜன் வந்து கைகொடுத்தால்தான் அவர்கள் தண்ணீராகி வெளியேற முடியும்.

"அக்கா, யாராச்சும் வாங்களேன்!"

ஓரத்து வீட்டுப் பூவாயிக்கு இது கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டு என்ன செய்ய? அவள் எழுந்தால் அவளைப் பிடித்திருப்பவர்களின் கை அந்தரத்தில் தொங்குமே.

ஊரைச் சுட்டு இறுக்கச் சூளையில் ஏற்றிய நாளில் இட்ரியம் என்ற வேற்று உலோகச் சகோதரர்கள் இருவர் வந்து இடம் கேட்டார்கள். ஆள் வாட்டசாட்டமாக இருக்கவே, மாசாணம் வேறெதுவும் பார்க்காமல், அந்தச் சூட்டில் ஊரைவிட்டுப் போன இரண்டு சிர்க்கோனியம் ஆண்களின் வீடுகளைக் கொடுத்துவிட்டார். குடியேறிய பிறகுதான் தெரிந்தது, ஆளுக்கு மூன்றே கை!

"போச்சுடா! ரெண்டு கை குறையுதே. ஒருத்தியப் பிடிக்க ஆளில்லையே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"விடுங்க மாமா, நான் எந்திரிச்சுக்கறேன். எத்தனை நாளாத்தான் அந்தப் புள்ளைங்க கூப்பிடும்?" என்றாள் பூவாயி.

போனாள். இரண்டு பிள்ளைகள் ஓடிவந்து அவளைப் பற்றிக்கொண்டார்கள். சுவரோரம் ஒரு சொட்டுத் தண்ணீர் வழிந்து போயிற்று. அவள் திரும்பவே இல்லை.

"அவ இடத்துல யாரும் உக்காரக் கூடாது. வருவா," என்றாள் பக்கத்து வீட்டு வீராயி. சொன்னவளே ஏக்கம் தாங்காமல், சூட்டில் இருப்பும் கொள்ளாமல், ஒரு கணம் அதில் போய் உட்கார்ந்தாள். காலியான அவள் இடத்துக்கு அடுத்தவள் நகர, அவள் இடத்துக்கு இன்னொருத்தி வந்தாள். கடைசி இடத்தில் காற்றுவெளியிலிருந்து ஒரு புதியவள் வந்து அமர்ந்தாள்.

எல்லா இடமும் நிறைந்துவிட, மறுபடியும் ஒருத்தியைப் பிடிக்கக் கை போதவில்லை. அதற்குள் வீராயியின் காதிலும் அந்தக் குரல் விழுந்துவிட்டது.

"பூவாயி ஏன் போனான்னு இப்பத்தான் தெரியுது," என்றபடி அவளும் எழுந்தாள்.

அன்று முதல்தான், இட்ரியம் கலந்த சிர்க்கோனியா சூடேறும்போதெல்லாம் ஆக்சிஜன்கள் இடம்விட்டு இடம் தாவிச் சுவரைக் கடக்கின்றன. எத்தனை பேர் வந்தாலும் அந்த ஊரில் பூவாயியின் இடம் மட்டும் நிரம்புவதே இல்லை.